காலையில ஸ்டார்ட் பண்ணுனா தெருவே எந்திரிக்குதுங்க – செல்ஃப் மோட்டாரா, வேற ஏதாச்சுமா?

கேள்வி (08-12-2023):
கோபி பக்கமுங்க. நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், ஒன்பது வருசம் ஆச்சு, 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒரு மாசமா காலையில மொத ஸ்டார்ட்டுக்கு மட்டும் ‘கரகரகர’ன்னு பெருஞ்சத்தம். ரெண்டு மூணு விநாடிதான், அப்புறம் நின்னுருது. பகல்ல எத்தன தடவ ஸ்டார்ட் பண்ணுனாலும் சத்தமில்லீங்க. ஒர்க்‌ஷாப்புல செல்ஃப் மோட்டார் போச்சு, புதுசு 9,500 ரூபாய்ங்கறாங்க. மாத்திரலாமுங்களா? பழசையே ரிப்பேர் பண்ணலாமுங்களா?

08-12-2023, ராத்திரி 9.20

புதுசு வாங்காதீங்க தம்பி. எஞ்சினைச் சுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணற செல்ஃப் மோட்டாருங்கறது நம்ம கெணத்து மோட்டாருக்குச் சின்னத் தம்பி, அவ்வளவுதான். கோயமுத்தூர் கணபதியில பதினாறு வருசம் மோட்டார் வைண்டிங் கடையில குந்தியிருந்தவன் நான். எத்தனையோ செல்ஃப் மோட்டாரைப் பிரிச்சுப் பாத்தாச்சு. உள்ள சுத்தற பாகத்துக்குக் கரண்டு குடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். இல்லாட்டி தண்டைத் தாங்கற புஷ் தேஞ்சு, நடுவுல சுத்தற ஆர்மேச்சர் ஒருபக்கமாச் சாஞ்சு உள்ளுக்குள்ள ஒரசும். ‘கரகர’ன்னு வந்தா பெண்டிக்ஸ் (செல்ஃப் மோட்டார் முனையில இருக்கற சின்னப் பல்சக்கரம்) பல்லு மொண்ணையாகி, எஞ்சினோட ஃப்ளைவீல் சக்கரத்தைச் சுத்தி இருக்கற பல்லு ரிங்குல கடிக்காம நழுவுதுன்னு அர்த்தம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனாப் பாத்துக் கழட்டிக் குடுங்க. பிரஷ், புஷ், பெண்டிக்ஸ் மூணையும் மாத்துனாக்கூட புதுசுல பாதி வராது.

09-12-2023, காலை 5.50

நேத்து எழுதுனதை அழிச்சரலாம்னு பாத்தேன். கெடக்கட்டும், அவசரக்காரனுக்கு ஒரு அடையாளம் இருக்கட்டும்.

மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுதான் ஒறைச்சுது. காலையில மட்டும்னு அவரு தெளிவா எழுதியிருக்காரு. நான் ‘கரகர’ங்கற ஒரே வார்த்தையைப் புடிச்சுக்கிட்டு ஓடிட்டேன். ரிங் பல்லுக்குக் காலை ஏது, மத்தியானம் ஏது?

நாலு சிலிண்டர் எஞ்சினை அணைச்சா அது நெனச்ச எடத்துல நிக்காது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அமுங்கற காத்தோட எதிர்ப்பு, எங்க தடுக்குதோ அங்கதான் நிக்கும். அரைச் சுத்துக்கு ஒண்ணுன்னு அனேகமா ரெண்டே எடம். அதனால பெண்டிக்ஸ் வருசக்கணக்கா ரிங்குல அந்த ரெண்டு எடத்தையே கடிச்சுக் கடிச்சு அங்க மட்டும் பல்லைத் தின்னுருது, மத்த எடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட வண்டி ஒருதடவ ‘கர்ர்ர்’ங்கும், அடுத்த தடவ ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்கும். நேரங்காலமெல்லாம் பாக்காது.

தம்பி வண்டி நேரம் பாத்துக் கத்துது. ராத்திரி பூரா நின்னதுல ஏதோ வடியுது, இல்ல ஏதோ சுருங்குது. சூடான வண்டியில அது இல்ல.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சத்தம் சாவியத் திருப்புன ஒடனே வருதா, எஞ்சின் சுத்திக்கிட்டு இருக்கும்போதா, பத்திக்கிட்டதுக்கு அப்புறமா? நாளைக்குக் காலையில ஊட்டுல யாரையாச்சும் சாவி போடச் சொல்லிட்டு, பானட்டைத் தூக்கி வெச்சுப் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. முக்கியமா ஒண்ணு. தோள்ல துண்டு, கழுத்துல மப்ளர் போட்டுக்கிட்டு ஓடற பெல்ட்டுகிட்டக் குனியாதீங்க.

09-12-2023, சாயங்காலம் 7.05

எப்பன்னு கேக்காம பணத்தைத் தொலைச்ச கதை எங்கிட்டயே ஒண்ணு இருக்கு.

பத்து வருசத்துக்கு முன்னால எங்க கார் கிளட்ச் வேலை முடிஞ்சு வந்துச்சு. நாலு நாள் கழிச்சு சாவியத் திருப்புனா ‘டொக்’னு ஒத்தச் சத்தம். அப்புறம் கெழவன் முக்கற மாதிரி ஒரு மொனகல். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. நான் வைண்டிங்காரனாச்சே! செல்ஃப் மோட்டாரை நானே கழட்டி, ஆர்மேச்சரைச் சோதிக்கற க்ரௌலர் மிஷின்ல வெச்சுப் பாத்து, நல்லா இருந்த பிரஷ்ஷையும் புதுசா மாத்திப் போட்டேன். அதே ‘டொக்’. பேட்டரியையும் புதுசு வாங்குனேன். அதே ‘டொக்’.

கடைசியில கண்டுபுடிச்சது எங்க ஊட்டுக்காரம்மா. “ஏனுங், ஆக்சிலேட்டர் வயரு கைசுடுதே, அது சுடுமா?”ன்னாங்க. சுடக்கூடாது. கியர்பாக்ஸுலருந்து பாடிக்குப் போற எர்த் பட்டையைக் கிளட்ச் வேலை பாத்த எடத்துல பெயிண்டு மேலயே வெச்சு அரைகொறையா முடுக்கியிருந்தாங்க. செல்ஃப் மோட்டார் இழுக்கற கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாம, ஆக்சிலேட்டர் கேபிள் வழியாப் போயிட்டு இருந்திருக்கு. அது பத்தி எரியாம இருந்தது எங்க கருப்பராயன் புண்ணியம்.

கணக்கு ரொம்பச் சின்னதுங்க. சின்னக் காரு செல்ஃப் மோட்டார் சுத்தும்போது 150 ஆம்பியர் சாதாரணமா இழுக்கும். எர்த்துல 0.01 ஓம் தடை இருந்தாப் போதும், 1.5 வோல்ட் அங்கயே காலி. வீட்டு வயரிங்ல 0.01 ஓம்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். இங்க அதுதான் வில்லன். டெர்மினல்ல பூக்கற வெள்ளை, பச்சைப் பூஞ்சையெல்லாம் இந்தக் கணக்குலதான் வரும்.

சோதிக்கறதும் லேசு. ஜம்ப்பர் கேபிள்ல ஒண்ணை மட்டும் எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்லயும், மறுமுனையை எஞ்சின்ல பெயிண்டு இல்லாத இரும்புலயும் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. கப்புன்னு எடுத்தா எர்த்துதான் கோளாறு. இது தெரிஞ்சிருந்தா ஒரு பேட்டரிக் காசு மிச்சம்.

11-12-2023

தாராபுரத்துக்காரர் ஒருத்தர் நடுவுல வந்து, “எனக்கு ‘டகடகடகடக’ன்னு மிஷின் கன்னு மாதிரி வருது, அதுவும் இதானா?”ன்னு கேக்கறாரு. இல்லீங்க. அது வேற சாதி.

‘டகடக’ன்னு வேகமா அடிச்சா மொதல்ல பேட்டரியைத்தான் சந்தேகப்படோணும். சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைச் சேத்துவிடற காந்த சுவிட்ச்சு) இழுக்கும், இழுத்த நொடியே மோட்டார் கரண்டைக் குடிச்சு வோல்ட் படுத்துரும், சோலனாய்டு விட்டுரும். விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். அந்த ஏற்ற எறக்கந்தான் சத்தம். மீட்டர் இருந்தா காலையில வண்டியத் தொடாம பேட்டரியப் பாருங்க. 12.6 வோல்ட் இருந்தா முழுச் சார்ஜ். 12.2 பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ எறங்குனா பேட்டரி தெம்பு போச்சு, இல்லாட்டி டவுனாக் கெடக்கு. வண்டி ஓடும்போது 13.8-லருந்து 14.5 வரைக்கும் காட்டுனா டைனமோ நல்லா இருக்கு. (ஆல்டர்னேட்டர்னு திருத்த வராதீங்க, டைனமோன்னு சொல்லியே நாக்கு பழகிருச்சு.)

புதுப் பேட்டரிக்கு ஓடறதுக்கு முன்னால டெர்மினலைக் கழட்டுங்க. மைனஸ் மொதல்ல. ஆப்பச்சோடாவ வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்துங்க, நொரைச்சுக்கிட்டுப் போகும். செல்லுக்குள்ள மட்டும் போயிரக் கூடாது. தொடச்சு, உப்புத்தாள்ல தேச்சு, முடுக்கி, மேல வாசலைன் தடவுங்க.

11-12-2023, கொஞ்ச நேரம் கழிச்சு

விட்டுப்போச்சு. செல்ஃப் மோட்டாரைச் சுத்தியல்ல தட்டுனா எடுக்கும்னு இன்னொருத்தர் எழுதியிருக்காரு. எடுக்கும், மாட்டிக்கிட்ட பிரஷ் நகுந்து குடுக்கும். ஆனா அது கம்பிச் சுருள்ல காந்தம் உண்டாக்கற பழைய ஃபீல்டு காயில் மோட்டார் காலத்து வைத்தியம். இப்ப வர்ற மோட்டார் நெறையதுக்கு உள்ளுக்குள்ள நிரந்தரக் காந்தம். ஓங்கி அடிச்சா காந்தம் ஒடைஞ்சு விழுந்து ஆர்மேச்சர்ல சிக்கும். அப்புறம் வர்றதுதான் நெஜமான ‘கரகர’. சுத்தியல் புடியால செல்லமாத் தட்டுங்க, போதும்.

14-12-2023

தம்பி அனுப்புன ரெக்கார்டிங் வந்துருச்சு. ஹெட்போன் போட்டுப் பதினஞ்சு தடவ கேட்டுட்டேன். பின்னால சேவல் கூவறது, யாரோ வாசல் தெளிக்கறது எல்லாம் கேக்குது.

‘ர்ர்ர்ரும்’னு செல்ஃப் சுத்தமா எடுக்குது. ஒரு கொறையுமில்ல. எஞ்சின் பத்திக்குது. அதுக்கு அப்புறந்தான் கரகரப்பு. கிட்டத்தட்ட மூணு விநாடி. தகர டப்பாவுல கொட்டமுத்தை (ஆமணக்கு வெதையை) போட்டு ஆட்டுன மாதிரி. ஆக, பெண்டிக்ஸும் இல்ல, ரிங்கும் இல்ல, புஷ்ஷும் இல்ல. 08-ஆம் தேதி நான் எழுதுனது முழுத் தப்பு. அந்த ஒர்க்‌ஷாப்காரரும் நானும் ஒரே குட்டையில ஊறுன மட்டை.

பத்திக்கிட்ட பொறகு சத்தம் வந்தா செல்ஃப் பக்கம் ஒரே ஒரு சந்தேகந்தான் பாக்கி. பெண்டிக்ஸ் பின்வாங்காம ரிங்கோடயே மாட்டிக்கிட்டுச் சுத்துறது. அது ‘கீஈஈஈ’ன்னு ஊளையிடும், ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க ஏறும். சாவி தானாத் திரும்பி வராம ஒட்டிக்கிட்டாலும் அந்தச் சத்தம் வரும். சோலனாய்டு காண்டாக்ட் உள்ளுக்குள்ள வெல்டு மாதிரி ஒட்டிட்டா இன்னும் மோசம், சாவியை உருவுனாலும் செல்ஃப் நிக்காது. ஒடனே பேட்டரி வயரைப் புடுங்கோணும். நல்லவேளை, தம்பி ரெக்கார்டிங்ல அந்த ஊளை இல்ல.

பெல்ட்டும் இல்ல. பெல்ட்டு ‘கீச்’சுங்கும், ‘கரகர’ங்காது. மார்கழிப் பனியில கீச்சுச் சத்தம் வர்றவங்க பெல்ட்டோட பல்லுப் பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. ஒரு நிமிசம் அடங்கிட்டு மறுபடி வந்தா பெல்ட்டு தேஞ்சிருக்கு, இல்ல புல்லி நேரா இல்ல. தண்ணி பட்டு அதிகமாக் கத்துனா டென்சன் பத்தல. சோப்பு தேய்க்கறதெல்லாம் வேண்டாம். எங்க ஊரு மாவு மில்லுல பட்டைக்குப் பிசின் தடவுவாங்க, அந்தக் காலத்துப் பட்டை வேற, இது வேற.

என் கணிப்பு இப்ப டைமிங் செயின், எஞ்சினுக்குள்ள வால்வுகளை நேரத்துக்குத் தொறந்து மூட வெக்கற சங்கிலி. அடிக்க வராதீங்க, செயின் மாத்தச் சொல்லல. நாளைக்கு எழுதறேன், கரண்டு போயிட்டுப் போயிட்டு வருது.

17-12-2023

நாளைக்குன்னு சொல்லி மூணு நாளாச்சு. மார்கழி பொறந்துருச்சு.

செயின் தொளதொளன்னு இல்லாம இருக்க டென்சனர்னு ஒண்ணு அமுக்கிப் புடிச்சிருக்கும். நெறைய வண்டியில அதை அமுக்கறது ஆயில் பிரசர். வண்டி நின்னா பிரசர் இல்ல. ராத்திரி பூரா ஆயில் வடிஞ்சு எஞ்சினுக்கு அடியில இருக்கற சம்ப்பு தொட்டிக்குப் போயிருச்சுன்னா, காலையில பம்ப்பு மறுபடி உறிஞ்சி மேல தள்ளறதுக்கு ரெண்டு மூணு விநாடி ஆகும். அதுவரைக்கும் செயின் பக்கத்துத் தகட்டுல போய் ‘கரகர’ன்னு அடிக்கும். ஆயில் வந்ததும் கப்சிப். பகல்ல வண்டிய நிறுத்தி அரைமணி நேரத்துல எடுத்தா ஆயில் இன்னும் வடிஞ்சிருக்காது, சத்தமும் இருக்காது. தம்பி சொன்ன குறி எல்லாம் பொருந்துதா இல்லையா?

தோட்டத்துல கிணத்து மோட்டார் வெச்சிருக்கவங்களுக்கு இதை வெளக்கவே வேண்டாம். தண்ணி திரும்பிக் கெணத்துக்குள்ள எறங்காம குழாய் அடியில தடுக்கற ஃபுட் வால்வு ஒழுகுனா என்னாகும்? சாயங்காலம் நெறச்ச குழாய் காலையில காலியா இருக்கும். மோட்டார் வெறுங்காத்தை அடிச்சுக்கிட்டு ஓடும், மேலருந்து கொடத்துத் தண்ணியை ஊத்துனாத்தான் எடுக்கும். காருக்குள்ளயும் அதே மாதிரி ஒரு ஃபுட் வால்வு இருக்கு. டப்பா மாதிரி திருகற ஆயில் ஃபில்டருக்குள்ள, ஓரமா இருக்கற சின்ன ஓட்டைகளை உள்பக்கமா மூடிக்கிட்டு ஒரு ரப்பர் வளையம். ஆயில் உள்ள போகும், திரும்பி வடியாது. ஃபில்டர் படுத்த வாக்குலயோ, வாய் கீழ பாத்தோ மாட்டியிருக்கற எஞ்சினுக்கு இது ரொம்ப முக்கியம். வாய் மேல பாத்து இருந்தா அவ்வளவு வடியாது.

தம்பி, கடைசியா ஆயில் எங்க மாத்துனீங்க? என்ன ஆயில்? என்ன ஃபில்டர்? எப்ப? அந்த ‘எப்ப’ முக்கியம்.

20-12-2023

பதில் வந்துருச்சு. நவம்பர் மொத வாரம் மாத்தியிருக்காரு. சத்தம் ஆரம்பிச்சது அதே வாரத்துல! இதை அவரு மொதல்லயே சொல்லல, நானும் கேக்கல. ரோட்டோரக் கடையில கிடைச்ச பேரில்லாத ஃபில்டர். வண்டிப் புத்தகத்துல 5டபிள்யூ-30ங்கற மெல்லிசு ஆயில் போட்டிருக்கு. கடைக்காரர் “பழைய வண்டிக்குத் தடிப்பா ஊத்துனாத்தானுங்க நல்லது”ன்னு 20டபிள்யூ-50 ஊத்தியிருக்காரு.

இந்தத் தடிப்பு ஆயில் பேச்சை எடுத்தாலே நம்ம பக்கத்துப் பெரியவங்க சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். லாரி ஓட்டுன கைங்க. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஒருத்தரும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கறேன், எங்க அப்புச்சி அம்பாசிடருக்குத் தடிப்பு ஆயில்தான் சரி. அந்த எஞ்சின்ல இடைவெளியெல்லாம் தாராளமா விட்டு வெச்சிருந்தாங்க. இப்ப வர்ற எஞ்சினுக்குச் சந்து சின்னது, குழாய் சின்னது. விடியக்காலைக் குளுருல தடிப்பு ஆயில் மேல போய்ச் சேர நேரம் புடிக்கும். அந்த ரெண்டு விநாடியில தேயறதுதான் தேய்மானம்.

ஃபில்டர் வாங்கும்போது ஈர்க்குச்சி ஒண்ணைக் கையில கொண்டு போங்க. நெசமாத்தான். நடு ஓட்டையச் சுத்தி இருக்கற சின்ன ஓட்டைக்குள்ள மெதுவா விடுங்க. மெத்துன்னு ரப்பர் தடுக்கோணும். நேராக் காகிதம் வரைக்கும் போனா வால்வே இல்ல. கடைக்காரர் மொறைப்பாரு. மொறைக்கட்டும்.

24-12-2023

மாத்திட்டாரு! சரியான ஆயில், நல்ல ஃபில்டர். மொத நாள் காலையிலயும் கொஞ்சம் இருந்துச்சாம். மூணாம் நாள்லருந்து மூணு விநாடி அரை விநாடியாக் கொறைஞ்சிருக்கு. செல்ஃப் மோட்டாரைத் தொடவே இல்ல.

அதைவிட எனக்குப் பெரிய சந்தோசம், பழைய ஃபில்டரை ஆக்ஸா பிளேடுல அறுத்துப் படம் எடுத்து அனுப்புனதுதான். வால்வு இருக்கு. ஆனா போட்டு ரெண்டு மாசங்கூட ஆகாத ரப்பர் பழைய அப்பளமாட்டக் காஞ்சு, ஓரம் மடங்கி நிக்குது. வெரல்ல அமுக்குனா வளையலைன்னு எழுதியிருக்காரு.

அந்த அரை விநாடி மிச்சம் செயின் நீண்டதுனாலயா இருக்கலாம். 96,000 ஓடிருச்சே. அது மறுபடி வளந்தா, இல்ல வண்டி சூடான பொறகும் சத்தம் இருந்தா, தள்ளிப் போடாம டென்சனரைப் பாருங்க. செயின் பல்லு தாண்டுனா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கலாம், அந்தச் செலவுக்கு 9,500 ரூபாய் வெறும் சில்லறை.

03-01-2024

திருத்தம். 09-ஆம் தேதி காலையில ரெண்டு எடம்னு எழுதுனேனில்ல, அது நாலு சிலிண்டருக்கு. மூணு சிலிண்டர் வண்டி வெச்சிருக்க பொள்ளாச்சிக்காரர் ரிங்கைக் கழட்டிப் பாத்து, “மூணு எடத்துல தேஞ்சிருக்குதே அண்ணா, நீங்க சொன்னது தப்புங்”ன்னு எழுதியிருக்காரு. அவரு சரி. மூணு சிலிண்டருக்கு 240 டிகிரிக்கு ஒரு கம்ப்ரெஷன். ரெண்டு சுத்துக்கு மூணு தடவ. வட்டத்துல போட்டுப் பாத்தா மூணு எடம். மாருதி 800 வெச்சிருந்தவங்களும் இதே கணக்குல பாத்துக்கோங்க.

அவருக்கு ரிங் மாத்த கியர்பாக்ஸ் எறக்கோணும். எறக்கறதுன்னு ஆனபொறகு கிளட்ச் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கையும் பாத்துருங்க, ரெண்டாந்தடவ கூலி மிச்சம். அந்தக் காலத்துல லேத்துல ரிங்கைச் சூடு பண்ணிக் கழட்டி, திருப்பிப் போட்டு, தேயாத பக்கத்தை முன்னால கொண்டு வந்துருவாங்க. ரிங் விலை கூலியவிடக் கம்மின்னா புதுசே போடுங்க.

18-01-2024

பொங்கல் முடிஞ்சு மாட்டுப் பொங்கல் அலுப்பும் போச்சு. கரும்புச் சக்கையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு.

ரெண்டு எடம், மூணு எடம்னு பேசுனதும் 2011 தைப்பூசம் ஞாபகம் வந்துருச்சு. பொள்ளாச்சி – பழனி ரோடு. ஜி.டி.நாயுடு 1920-ல தன்னோட மொத பஸ்ஸை ஓட்டுன அதே ரோடு. பாதயாத்திரை போறவங்களுக்குத் தக்காளி சாதம் குடுக்க ஒரு பழைய வேனை எடுத்துட்டுப் போயிருந்தோம். சாதம் காலியாச்சு, வண்டியை எடுத்தா ‘கர்ர்ர்ர்ர்ர்’! ரோட்டோரம் படுத்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுட்டாங்க. ரிங் பல்லேதான்.

கூட வந்த லாரி டிரைவர் மாமா ஒருத்தர் பதறாம எறங்குனாரு. “சாவியை அணைடா. ஹேண்ட் பிரேக்கை விடு. டாப் கியரு போடு. எல்லாரும் பின்னால ஒரு அமுக்கு.” பச்சை வேட்டி கட்டுன பத்துப் பேரு “அரோகரா!”ன்னு சொல்லி ஒரு தள்ளு. வண்டி அரையடி நகுந்துச்சு, ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பி நல்ல பல்லு பெண்டிக்ஸுக்கு நேரா வந்துருச்சு. நியூட்ரல் பண்ணி சாவியைப் போட்டா மொத அடியில எடுத்துச்சு. தள்ளுனவங்கள்ல ஒரு பெரியவரு முருகனோட அருள்னாரு. நானும் ஆமாங்கன்னுட்டேன். கியர்பாக்ஸ் எறக்கறதுக்கு முன்னால அந்த அருள் எட்டு மாசம் ஓடுச்சு.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது நடக்காது.

18-01-2024, மத்தியானம்

இன்னொரு சங்கதி. ‘பெண்டிக்ஸ்’னு நாம சொல்றது உண்மையில பெண்டிக்ஸ் இல்ல. வின்சென்ட் பெண்டிக்ஸுன்னு ஒரு அமெரிக்காக்காரர் பேருல வந்தது, மோட்டார் வேகமாச் சுத்தறப்ப திருகு மேல தானாவே ஓடிப்போய் ரிங்கைக் கடிக்கற சாமான். இப்ப சோலனாய்டே கவைக்கோல் வெச்சுத் தள்ளிக் கடிக்க விட்டுட்டு, அப்புறந்தான் மோட்டாரைச் சுத்துது. சாமான் மாறிருச்சு, பேரு மட்டும் நின்னுருச்சு.

அப்புச்சி அம்பாசிடர்ல இருந்தது பழைய வகை. மாட்டிக்கிச்சுன்னா மோட்டார் பின்னால சதுரமா நீட்டியிருக்கற தண்டுல ஸ்பேனர் போட்டுத் திருப்புவாரு, ‘டிக்’னு விட்டுரும். அதுவும் ஆகலைன்னா முன்னால கைப்பிடி போட்டுச் சுத்தறதுதான். எனக்கு எட்டு வயசுல சொல்லிக் குடுத்தாரு. கட்டைவிரலைக் கைப்பிடியச் சுத்திப் புடிக்கக் கூடாது, மத்த வெரலோட ஒரே பக்கமா வெக்கோணும். எஞ்சின் எதிர்த்து ஒதைச்சா கட்டைவிரல் ஒடைஞ்சு போயிரும். “கண்ணு, வெரலு இருந்தாத்தான் வெள்ளாமை”ம்பாரு. கெட்டரிங்குன்னு ஒருத்தர் மின்சாரத்துல ஸ்டார்ட் ஆகற ஏற்பாட்டைப் பண்ணி 1912 கேடிலாக் கார்லயே வந்துருச்சு. ஆனா எங்க தோட்டத்துல 1980-கள் வரைக்கும் கைப்பிடி சீட்டுக்கு அடியில இருந்துச்சு.

19-01-2024

பெருக்கான் (பெருச்சாளி) வண்டிக்குள்ள பூந்தா ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் வருமான்னு கேட்டவருக்கு. ஆமாங்க, சத்தத்துக்கு அதுவும் காரணமாகும். போன வருசம் எங்க வண்டி ஸ்டார்ட் ஆனதும் டேஷ்போர்டுக்குள்ளருந்து ‘கடகடகட’. எஞ்சினே போச்சுன்னு பயந்துட்டேன். ஏசி ஃபேன் ஆன்ல இருந்தது, அதனால சாவி போட்டதும் சேந்து ஓடுது. ப்ளோயரைக் கழட்டுனா ரெண்டு கை நெலக்கடலை ஓடு! அணிலோட குதிரு. பெருக்கான்னா வயரைக் கடிக்கும். பொகையிலை வெச்சாப் போகும்னாங்க, வெச்சேன். அதை ஓரமா இழுத்துப் போட்டுட்டு ஹெட்லைட் வயரைக் கடிச்சுட்டுப் போயிருந்துச்சு.

கேஸ் கிட் வெச்ச வேன்ல ஸ்டார்ட் பண்ணும்போது ‘டமார்’னு வெடிச்சு ஏர் ஃபில்டர் டப்பா மூடி பறக்குதுன்னு சொன்னவரு விளையாட்டா எடுத்துக்காதீங்க. இன்டேக் பூரா கேஸும் காத்தும் கலந்து நிக்குது, ப்ளக்கு நேரத்துல பத்தாம விட்டு, தீ பின்னால திரும்புது. ப்ளக்கு, ப்ளக் வயர், கேஸ் அளவு மூணையும் பாருங்க. அதுவரைக்கும் பெட்ரோல்ல எடுத்துட்டு அப்புறம் கேஸுக்கு மாத்துங்க.

27-01-2024

கோபித் தம்பி மறுபடி எழுதியிருக்காரு. ‘கரகர’ போச்சு, இப்ப ‘கிணிகிணிகிணி’ன்னு ஒண்ணு கேக்குதாம். அதுவும் காலையில ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசம். “பெரிய சத்தத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்குதுங் அண்ணா.”

செயினை விட்டுத் தள்ளுங்கன்னேன். குளுந்த எஞ்சின் கொஞ்ச நேரம் வேகமா ஐடில் ஆகும், அந்த வேகத்துக்குன்னே எங்கியோ ஒரு தகடு ஆடுது. வண்டி குளுந்து இருக்கும்போது அடியில பாத்து, சைலன்சர் குழாய் மேல மூடியிருக்கற தகரத்தை ஒரு குச்சியால தட்டச் சொன்னேன். தட்டுனதும் அதே ‘கிணிகிணி’. ஹீட் ஷீல்டு போல்ட்டு துருப்புடிச்சு அறுந்து தொங்குது. சூடாகி விரிஞ்சதும் குழாயோட ஒட்டிக்கிட்டு அமைதியாயிருது.

சொட்டுநீர்க் குழாய்க்குப் போடற ஸ்டீல் கிளாம்ப்பு ஒண்ணைச் சுத்தி முடுக்கிட்டாரு. தோட்டத்துல கெடந்ததுதான், செலவு பூஜ்யம்.

10-03-2024

கிளாம்ப்பு ஒண்ணு பத்தல, சத்தியமங்கலம் ரோட்டு வேகத்தடையில நழுவிருச்சாம். ரெண்டாப் போட்டிருக்காரு. செல்ஃப் மோட்டார் இன்னும் அதே பழசுதான். ஒர்க்‌ஷாப்காரர் அறுத்த ஃபில்டரை வாங்கி வெச்சுக்கிட்டாராம், கடைக்கு வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு.

எங்க வண்டி மூணு நாளா காலையில ‘கீச்’சுங்குது. தண்ணி தெளிச்சேன், அதிகமாக் கத்துது. டென்சன்தான். வெயில் ஏறட்டும், பாத்துக்கலாம்.